பச்சை டெலிபோனைப் பார்க்காமல்

பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது. கண் அந்தப் பக்கம் போனால் கழுத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், கழுத்து சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் எழுந்து நின்றுவிட வேண்டும், எழுந்து நின்றால் கால் தானாக அங்கேதானே போகும், வேண்டாம், உட்கார், உட்கார் குமுதா என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, ராயபுரத்தில் ரோசலின் அக்கா வீட்டுக் கூடத்தில், பிரம்பு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் பல் டாக்டர் குமுதா. அந்தக் கடிகாரத்தின் மேல் அவளுக்குக் கடுகளவும் ஆசை கிடையாது. பெண்டுலத்தை ஆட்டிக்கொண்டு, தப்பான நேரத்துக்குத் தப்பான மணி அடித்துக்கொண்டு, ஊரில் எத்தனையோ வீட்டில் தொங்குகிற ஒரு கடிகாரம், அவ்வளவுதான். ஆசை முழுக்க இடது கைப் பக்கம் இருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு முக்காலி, முக்காலி மேல் குரோஷா விரிப்பு, விரிப்பின் மேல் அது. பச்சை. கறுப்பில்லை, தந்த நிறமில்லை, சிவப்புகூட இல்லை, பச்சை. பிஞ்சுப் புடலங்காயின் பச்சை. இத்தனை வருஷமாகப் புத்தகங்களிலும் செல்போன் திரையிலும் மட்டுமே பார்த்து ஏங்கிய டெலிபோன், கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், துணி பின்னிய பச்சை வயரோடு, அடியில் சின்ன இழுப்பறையோடு, மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, இவளோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் கடிகாரத்தின் டிக் டிக் அவள் காதில் விழவேயில்லை. உள்ளறையில் பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடிகாரத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுப்பதற்காக ரோசலின் அக்கா பழைய போர்வை தேடுகிறாள். ஆமாம், கடிகாரத்தைத்தான். டாக்டரம்மாவுக்குக் கடிகாரம்தான் பிடித்திருக்கிறது என்று டாக்டரம்மாவே தன் வாயால் சொல்லிவிட்டாளே.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் குமுதாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, பழக்கம் அப்படி. பழைய பொருள் சேர்க்கிற கூட்டத்துக்கென்று ஒரு சாஸ்திரம் இருக்கிறது. தேடி வந்ததை ஏறிட்டுப் பார்க்காதே, பக்கத்தில் இருப்பதைப் புகழ். டெலிபோனுக்காகப் போனால் பூ ஜாடியைப் புகழ வேண்டும், ரேடியோவுக்காகப் போனால் அம்மிக்கல்லைப் புகழ வேண்டும். ஜாடியின் பெருமையைப் பேசிப் பேசி வீட்டுக்காரர் மனசு குளிர்ந்த நேரமாகப் பார்த்து, கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, 'அட, பழைய போன் ஒண்ணு கெடக்குதே, இதையும் சேர்த்துக் குடுத்துடுங்களேன், பசங்க விளையாடும்' என்று கொஞ்சம் அலுப்போடு கேட்க வேண்டும். அந்த அலுப்பில்தான் வித்தை இருக்கிறது. வேலூரில் ஒரு பல்லாங்குழியை அப்படிக் கொஞ்சிக் கொஞ்சித்தான் முதல் கறுப்புப் போனை அவள் கொண்டுவந்தாள், கும்பகோணத்தில் ஒரு ஊஞ்சல் சங்கிலியைக் கண்ணீர் வராத குறையாகப் பாராட்டிச் சிவப்புப் போனை. இப்போது மாடியறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க டெலிபோன். பல்லைக் குடைகிற மிஷினோடு யார் வாய்க்குள்ளாவது கை வைத்திருப்பாள் என்பதால் குமுதாவின் செல்போன் எந்நேரமும் ஊமையாகத்தான் கிடக்கும். அவள் கணவன் தயாளன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், 'எங்க வீட்ல நாப்பது போன் இருக்கு சார், கூப்ட்டா எடுக்கத்தான் ஆளில்ல' என்று சொல்லிச் சிரிப்பான். இன்றைக்கும் படியேறி உள்ளே வந்ததும் வராததுமாக, பழக்கதோஷம், வாய் திறந்துகொண்டது. "அக்கா, என்ன கம்பீரமான கடிகாரம்க்கா இது!" ரோசலின் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் பற்களே குமுதா செய்து மாட்டியவை, ஆனால் கண்ணில் வந்த சிரிப்பு அக்காவின் சொந்தச் சிரிப்பு. "என் வீட்டுக்காரர் ஆசையா வாங்கினது டாக்டரம்மா. இதுவரைக்கும் ஒருத்தர்கூட இதை நல்லாருக்குன்னு சொன்னதில்ல." அதோடு விட்டாளா? விடவில்லை. அதற்கப்புறம்தான் அந்த வீட்டுச் சட்டத்தையே சொன்னாள். "நான் எதையும் விக்கறதா இல்ல டாக்டரம்மா. அடுத்த வாரம் ஓசூர்ல பையன்கிட்டப் போயிடறேன். நாளைக்கு போன் லைனைக்கூடக் கட் பண்ணிடுவாங்க. வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டும். யாருக்கு எது மேல மனசு போவுதோ அது அவங்களுக்கு. உங்களுக்குக் கடிகாரம்." ஆளுக்கு ஒன்று. மனசு எது மேல் போகிறதோ அது. இப்படியும் ஒரு வீடு இருக்கும், உண்மையைச் சொன்னால் சும்மாவே கொடுக்கிற வீடு என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

அவள் கடிகாரத்தை விடாமல் பார்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தால் கடிகாரத்துக் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலோடு முக்காலியும், முக்காலியோடு அந்தப் பச்சையும். பெண்டுலம் ஒவ்வொரு முறை குறுக்கே போகும்போதும் டெலிபோன் மறைந்தது, வந்தது, மறைந்தது, வந்தது. என்ன தோள் அதற்கு! கழுத்திலிருந்து சரிந்து இறங்குகிற அந்தத் தோளைப் பார்த்தால் போதும், எந்தக் காலத்து வார்ப்பு என்று சொல்லிவிடலாம். ஆதியில் டெலிபோன் குத்துவிளக்கு மாதிரி நட்டமாக நின்றது. ஒரு கையில் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையில் குழலைக் காதில் வைத்துக்கொண்டு, பேசுகிறவன் இரண்டு கையும் இல்லாதவன் ஆனான். மணி தனிப்பெட்டியாகச் சுவரில் கிடந்தது. அப்புறம் வடக்கே குளிர் தேசத்து ஓவியர் ஒருவர் களிமண்ணில் பிசைந்து பார்த்து, வாயையும் காதையும் ஒரே பிடியில் சேர்த்து, மணியை வயிற்றுக்குள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே உடம்பாக்கினார். அந்த உடம்பைத்தான் கொஞ்சம் தட்டி, கொஞ்சம் தடவி, உலகம் முழுக்க வார்த்தார்கள். எல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வீடு, ஆபீசுக்கு ஆபீஸ், துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி கறுப்பு. நிறம் வேண்டுமென்றால் கறுப்பு வார்க்கிற பேக்லைட்டில் வராது, வேறு பிளாஸ்டிக் வேண்டும், வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டு வாங்குகிற பிளாஸ்டிக். அதுதான் குமுதாவுக்கு அத்துப்படி. தினமும் பல் செட்டுக்கு ஈறு வார்க்கிறாளே, அதே குடும்பத்து அக்ரிலிக். ரோசலின் அக்காவின் வாயில் இருக்கிற ஈறும் அவள் முக்காலியில் இருக்கிற போனும் ஒருவிதத்தில் பங்காளிகள். இதை நினைத்ததும் குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே கேட்டுவிடப் போகிறதே என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல் செட்டுக்கு அளவெடுக்க வந்த அன்றைக்குத்தான் அக்கா பேத்தியின் ஞானஸ்நானப் படத்தை செல்போனில் காட்டினாள். 'குழந்தை எப்படி?' என்று கேட்டாள். குழந்தையை யார் பார்த்தது? குழந்தையின் தலைக்குப் பின்னால், விரல் நுனி அகலத்துக்கு, மூலையில் இந்தப் பச்சை. 'ரொம்ப அழகுக்கா' என்றாள் குமுதா. அது மட்டும் பொய்யில்லை.

டயல் எப்படிச் சுற்றும்? கண்ணாடியில் அது தெரியாது. டயலின் நடுவட்டத்தில் நம்பர் எழுதிய காகிதம் இருக்கிறதா, மங்கிப் போயிருக்கிறதா, அதுவும் தெரியாது. டயலுக்குள்ளே கடுகு கடுகாக இரண்டு எடை சுற்றும். நீ கோபத்தில் வெடுக்கென்று சுற்று, தூக்கத்தில் மெதுவாகச் சுற்று, விரலை எடுத்துவிட்டால் அது தன் வேகத்தில்தான் திரும்பும். குர்ர்ர்ர். ஒன்பதுக்கு நீளமான குர்ர், ஒன்றுக்குக் குட்டி குர். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது ஆம்பூரில், அடுத்த வீட்டில், தோல் மண்டி முனீர் பாய் வீட்டில். இவர்கள் வீட்டில் போன் கிடையாது. அப்பா பிலாயில் உருக்காலையில் இருந்தார், அவருக்குக் கொடுத்திருந்தது பாய் வீட்டு நம்பர், அப்போதெல்லாம் அதற்கு பிபி நம்பர் என்று பெயர், கடிதத்தில் நம் பெயருக்குக் கீழே அடுத்தவன் வீட்டு நம்பரைப் போட்டு ஓரத்தில் பிபி என்று எழுதினால் போதும், ஊர் புரிந்துகொள்ளும். மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, 'பிலாய் போன்! ஓடியாங்க!' என்று ஒரு குரல் வரும். அம்மா பாதிப் பின்னலோடு ஓடுவாள், அண்ணன் சட்டை பட்டன் போடாமல் ஓடுவான், பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார், கடைசியில் குமுதா. பாய் வீட்டுப் போனுக்கு ஒரு குட்டிப் பூட்டு உண்டு, யாரும் தெரியாமல் சுற்றிவிடக் கூடாதென்று டயல் ஓட்டையில் போட்ட பூட்டு. வாய் வைக்கிற இடத்தில் அத்தர் வாசம். பாய் வீட்டுக்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா ஊருக்கே கேட்கக் கத்துவாள், 'நல்லாருக்கோம்! நீங்க நல்லாருக்கீங்களா!' அம்மாவுக்கு அப்புறம் பெரியப்பா, பெரியப்பாவுக்கு அப்புறம் அண்ணன், அண்ணனுக்கு அப்புறம் குமுதா. முறை வருவதற்குள் லைன் அறுந்துவிடும். ஒரே ஒரு தடவை கைக்கு வந்தது. என்ன கனம்! இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 'ஹலோ' என்றாள். கர்ர் என்று ஒரு இரைச்சல், அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள், பாயம்மாதான் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தார். அப்பா ரிட்டையராகி வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு பேசத் தடையேது, லைன் அறுக்க ஆளேது. அவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். காப்பி வேண்டுமா என்றால் ம், சாப்பிட்டீர்களா என்றால் ம். பிலாயிலிருந்து கத்திய மனிதர் வேறு யாரோ என்று குமுதா நினைத்துக்கொண்டாள். சே, இப்போது எதற்கு அப்பா? போர்வை கிடைத்துவிட்டால் அக்கா வெளியே வந்துவிடுவாள். யோசி.

சொல்லிவிட்டால் என்ன? 'அக்கா, எனக்குக் கடிகாரம் வேண்டாம், போனைக் குடுங்க.' நேராகச் சொன்னால் ஆயிற்று. ஆனால் அந்த முகம்! ஒருத்தர்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல என்று சொன்ன முகத்தைப் பார்த்து, நான் சொன்னதும் பொய்தான் என்று எப்படிச் சொல்வது? சரி, சுற்றிச் சொல்லலாம். 'கடிகாரம் பெரிசா இருக்கே அக்கா, எங்க வீட்டுச் சுவர் தாங்காது.' சுவர் தாங்காதாம், நாற்பது டெலிபோனைத் தாங்குகிற வீடு. 'கடிகாரம் உங்க வீட்டுக்காரர் ஞாபகம், நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு ஏதாவது சின்னதா, அதோ அந்த மாதிரி...' இது பரவாயில்லை. இது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த 'அதோ'வைச் சொல்லும்போது குரல் நடுங்கும். நிச்சயம் நடுங்கும். கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால்? பல் டாக்டர் பொய்க்காரி என்று ராயபுரம் முழுக்கச் சொல்வாளா? சொல்ல மாட்டாள். அதுதான் வம்பு, சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த முறை வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் இதை விட்டால் இனி ஒரு பச்சை இந்த ஜன்மத்தில் வராது. மகிமைதாஸ் கையில் போய்ச் சேரும். அம்பத்தூர் மகிமைதாஸ் எங்கே மோப்பம் பிடிக்க மாட்டான்? சேகரிப்பவர்கள் குழுவில் அவன் போடுகிற படங்களைப் பார்த்தே எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட, 'ஒரு பெரிய மீன் சிக்கும் போலிருக்கு' என்று எழுதியிருந்தான். எந்த மீன்? எங்கே? ராயபுரத்திலா? ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அவளுக்கோ ஆசையும் இருந்தது, வெட்கமும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு நடுக்கூடத்தில் மல்லுக்கு நின்றன. ஒரு தடவை தொட்டுப் பார்த்தால்? தொடுவதற்கு என்ன, தொட்டால் தேய்ந்தா போகும், பிடியின் உள்வளைவில் வருஷம் பொறித்திருக்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று எழுந்தாள். எழுந்துவிட்டாள். கால், சொன்ன மாதிரியே, தானாகப் போனது. முக்காலி முன்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு விரலை அந்தப் பச்சைத் தோளின் மேல் வைத்தாள். குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஜன்னல் வெயிலில் அது வெதுவெதுவென்று இருந்தது.

அந்த விரலுக்கடியில் அது அலறியது. ட்ரிங் ட்ரிங்! குமுதா ஓரடி பின்னால் துள்ளிவிட்டாள். நான் தொட்டதால்தான் அடிக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறது என்று ஒரு கணம் அந்தப் படித்த டாக்டருக்கே தோன்றியது. ட்ரிங் ட்ரிங்! முக்காலி நடுங்கியது, ஜன்னல் கம்பி நடுங்கியது, அவள் பல்லிலேயே ஒரு கூச்சம் ஓடியது. மாடியறையில் நாற்பது இருந்து என்ன, ஒன்றுக்கும் லைன் கிடையாது. உள்ளே இரண்டு கிண்ணம் இருக்கும், ஒன்றைவிட ஒன்று ஒரு இழை உசத்தி, நடுவில் சின்னச் சுத்தி. துடைக்கும்போது அவள் சுத்தியை விரலால் சுண்டிப் பார்ப்பாள், டிங் என்று ஒன்று, அத்தோடு சரி. இதுவோ யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டு அடிக்கிற மணி. உயிருள்ள மணி! இந்தச் சத்தத்துக்காகத்தானே இத்தனையும் சேர்த்தோம், சேர்த்ததில் இது மட்டும் இல்லாமல் போயிற்றே என்று காதை அதன் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள், சந்தோஷத்தில்தான். "டாக்டரம்மா, காப்பி போட்டுட்டிருக்கேன், கை ஈரமா இருக்கு, கொஞ்சம் எடுங்களேன்!" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். எடுக்கவா? நானா? என் முறையா? இரண்டு கையாலும் எடுத்தாள். அதே கனம். அத்தர் இல்லை, கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாசம். "ஹலோ" என்றாள், ஆம்பூர்க் குரலில் கத்தித்தான் சொன்னாள்.

"அம்மா வணக்கம்மா! நான் அம்பத்தூர்லேர்ந்து மகிமைதாஸ் பேசறேன். முந்தாநாள் உங்க சர்ச் ஸ்டெல்லா அக்கா கூட வந்தேனே, தையல் மிஷின் பாத்துட்டுப் போனேனே." குரல் அவ்வளவு கிட்டத்தில் வந்தது, காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. "அந்த மிஷின் கண்ணுக்குள்ளயே நிக்குதும்மா. என்ன வேலைப்பாடு, என்ன வளைவு! தூக்கமே வரல. இன்னிக்கே வந்து எடுத்துக்கறேன். அப்புறம் வந்தும்மா... அந்த ஜன்னல்கிட்ட ஏதோ பழைய போன் ஒண்ணு கெடந்துச்சுல்ல, அதையும் சேர்த்துக் குடுத்துடுங்களேன், பசங்க விளையாடும்." பசங்களா? மகிமைதாசுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தையல் மிஷினில் ஊசி எங்கே கோக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த அலுப்பு, அந்தக் கடைசி வார்த்தையில் தடவியிருந்த அலுப்பு, அது அப்படியே அவளுடையது. வேலூரில் இப்படித்தான் கேட்டிருக்கும் என் குரல், கும்பகோணத்தில் இப்படித்தான், இன்றைக்குக் காலையில் கடிகாரத்தின் முன்னால் நின்று கம்பீரம் என்றபோதும் இப்படித்தான் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் காது மடல் சூடாகியது, கூடவே அடக்க முடியாத ஒரு சிரிப்பும் கிளம்பியது. எல்லாம் போய்விட்டது, வராதீர்கள் என்று சொல்லிவிடலாம். அவனுக்கு என் குரல் தெரியவில்லை. ஒரே வரி, காரியம் முடிந்தது. "அக்கா கை வேலையா இருக்காங்க, சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிடியை அதன் தொட்டிலில் மெதுவாக வைத்தாள். உள்ளே மணி ஒரு சின்ன டிங் சொல்லி அடங்கியது.

ரோசலின் அக்கா ஒரு கையில் காப்பியும் தோளில் கட்டம் போட்ட போர்வையுமாக வந்தாள். "யாரு?" "மகிமைதாஸ்னு ஒருத்தர். தையல் மிஷின்..." "ஆமாமா, நல்ல மனுஷன். மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு பாவம். பீங்கான் ஜாடிக்கு ஒருத்தர், டீப்பாய்க்கு ஒருத்தர், எல்லாத்துக்கும் ஆள் வந்துடுச்சு டாக்டரம்மா." காப்பியை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஆனா பாருங்க, இந்த போனை மட்டும் ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல. வந்தவங்க அத்தனை பேரும் அந்தப் பக்கம் கண்ணையே திருப்பல, என்னவோ தீட்டு மாதிரி. எனக்கே மனசு கேக்கல. பையன் திட்டுவான், திட்டட்டும், இதை நானே ஓசூருக்குத் தூக்கிட்டுப் போறதா முடிவு பண்ணிட்டேன்." வந்தவர்கள் அத்தனை பேருமா! பீங்கான் ஜாடியும் டீப்பாயும்! அத்தனை பேரும் கைதேர்ந்தவர்கள், அத்தனை பேரும் சாஸ்திரம் தவறாதவர்கள், எல்லோருமாகச் சேர்ந்து பார்க்காமல் பார்க்காமலே அந்தப் போனை அநாதையாக்கி, இரக்கப்பட வைத்து, வீட்டுக்காரி இடுப்பிலேயே ஏற்றிவிட்டார்கள். "அக்கா" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். "நான் அதுக்குத்தான் வந்தேன்க்கா. கடிகாரத்துக்கு இல்ல. உங்க பேத்தி போட்டோவுல பாத்ததுலேர்ந்து இதே நெனப்புதான்." "அப்ப கடிகாரம் நல்லாருக்குன்னு சொன்னது?" "சும்மா சொன்னேன்க்கா." அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், குமுதாவைப் பார்த்தாள். குமுதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "தையல் மிஷின்காரரு?" என்றாள் அக்கா மெதுவாக. "அவரும் இதுக்குத்தான்." "ஜாடி?" "இதுக்குத்தான்க்கா, எல்லாருமே." அக்கா முக்காலிப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, குமுதா செய்த அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவிங்களா! வாய் தொறந்து கேட்டா என்ன? சரி சொல்லுங்க, அப்படி என்னதான் இருக்கு இதுல?"

கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டாள். குமுதா காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள், அணை உடைந்த மாதிரி வந்தது. குத்துவிளக்குப் போன் வந்தது, களிமண் பிசைந்த ஓவியர் வந்தார், கறுப்புக்கு நடுவில் ஏன் பச்சை அதிசயம் என்பது வந்தது, ஈறும் போனும் பங்காளி என்பது வந்தது, அக்கா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கிண்ணமும் ஏன் ஒரே சுருதியில் இல்லை என்று சொன்னாள், ஒரே சுருதியானால் காது பழகிவிடும், இரண்டானால் எழுந்துதான் ஆக வேண்டும். டயலைச் சுற்றி விட்டு, "கேளுங்கக்கா, நீங்க எவ்ளோ அவசரப்பட்டாலும் அது அவசரப்படாது" என்றாள். குர்ர்ர்ர். பிடியைத் திருப்பி, உள்வளைவில் பொறித்த வருஷத்தைக் காட்டி, அவளே ஒரு தரம் ஆ என்று கத்திவிட்டாள், அவள் பிறப்பதற்கு எத்தனையோ முந்தைய வருஷம். இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் யாரிடமும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் ஆசை வெளியே தெரிந்துவிடுமே. அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் பிடியைத் தன் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் துறைமுகத்துல வேலை. தெனமும் பதினோரு மணிக்கு இதுல கூப்பிடுவாரு. வேற ஒண்ணுமில்ல, இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பாரு. ஒரு மணிக்கு வந்து சாப்பிடப்போற மனுஷன், பதினோரு மணிக்கே தெரிஞ்சாகணும். சனியன் அடிக்குதுன்னு திட்டிக்கிட்டே ஓடி வருவேன். இதுக்குள்ள இவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே." விரலால் டயலைத் தடவினாள். "நீங்க கேட்ட உடனே தூக்கிக் குடுத்துடணும்னுதான் நெனச்சேன் டாக்டரம்மா, சத்தியமா. ஆனா நீங்க சொல்லச் சொல்ல... இனிமே என்னால முடியாது. மன்னிச்சுக்குங்க." அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே பிள்ளை அழுத அழகில் மயங்கித் தாய் பாலைத் தானே குடித்துவிட்டாள். பேசாமல் இருந்தும் போயிற்று, பேசியும் போயிற்று. குமுதாவுக்கு ஏமாற்றம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சு மட்டும் காரணம் கேட்காமல் இன்னும் படபடவென்று சந்தோஷமாகவே அடித்துக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி.

கடிகாரத்தை அக்கா விடவில்லை. "பொய்யோ மெய்யோ, அதை நல்லாருக்குன்னு சொன்ன வாய் உங்க வாய் ஒண்ணுதான்" என்று போர்வையில் சுற்றி ஆட்டோ வரைக்கும் தானே தூக்கி வந்து மடியில் வைத்தாள். "வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க. இதுலதான் எடுப்பேன். நாளையோட இந்த நம்பர் போயிடும்." ஆட்டோ கிளம்பியது. போர்வைக்குள் கடிகாரம் புரண்டு, கணக்கில்லாமல் மணி அடித்தது, டிரைவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும். கொளத்தூர் எங்கே, ராயபுரம் எங்கே, வழியெல்லாம் மேம்பாலம், பாலமெல்லாம் நெரிசல், அதற்குள் லைனை அறுத்துவிட்டால்? நாளைக்குத்தானே அறுப்பார்கள். அறுக்கிறவனுக்கு நாள் நட்சத்திரம் உண்டா? ஆம்பூரில் சொல்லிவிட்டா அறுந்தது? அவளுக்கு விரல் குறுகுறுத்தது. நான் இங்கே அழுத்தினால் அங்கே அடிக்கும். அந்த முக்காலி நடுங்கும், ஜன்னல் கம்பி நடுங்கும், இரண்டு கிண்ணமும் ஒன்றைவிட ஒன்று உசத்தியாகக் கூப்பிடும், நான் கூப்பிட்டு! நாற்பது போனில் ஒன்றுகூட அவளுக்குத் தராததை, கிடைக்காமல் போன ஒன்று தரக் காத்துக்கொண்டிருக்கிறது. கைப்பைக்குள் கையை விட்டு செல்போனைத் துழாவி எடுத்து, டயலின் நடுவட்டத்தில் பார்த்து வைத்திருந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அடித்தது. அங்கே அக்கா திட்டிக்கொண்டே ஓடி வருவாள்.

"ஹலோ? அதுக்குள்ளயா வீட்டுக்குப் போயிட்டீங்க?"

"இல்லக்கா. இன்னும் தெருமுனையே தாண்டல."

"எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லக்கா..." குமுதா கடிகாரத்தை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இன்னிக்கு என்ன கொழம்பு?"

கர்ர் என்று ஓர் இரைச்சல். அப்புறம் ஒன்றுமில்லை. அறுந்துவிட்டதா? சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேனா? ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஹலோ? ஹலோ?" என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கானாங்கெளுத்தி" என்றாள் ரோசலின் அக்கா. "ரெண்டு துண்டு கூடவே இருக்கு. ஆட்டோவைத் திருப்பச் சொல்லு."